மண்ணும் அனுமதியும் – 7: பத்து கிலோமீட்டர் வட்டம்

அரியலூர்ப் பக்கம் ரெட்டிபாளையம் என்றாலே சிமென்ட் ஆலைதான் நினைவுக்கு வரும். கிராசிம் என்ற பெயரில் இருந்து, 2010-இல் அல்ட்ராடெக் ஆனது. கல் எடுக்கும் பள்ளங்களை ஊரில் எல்லாரும் 'மைன்ஸ்' என்றே சொல்கிறார்கள். ஒரு காலத்தில் கடலாக இருந்த நிலம் இது. அந்தக் கடலின் சிப்பியும் சங்கும் படிந்து இறுகிய சுண்ணாம்புக்கல்லைத்தான் இன்று வெட்டி, அரைத்து, சூளையில் சுட்டு மூட்டையாக்குகிறோம். கல் இங்கே கிடைப்பதால் ஆலைகளும் இங்கேயே வந்தன. அரசு ஆலை அரியலூரில் இருக்கிறது. கோவிந்தபுரம், ஆலத்தியூர், தளவாய், கீழப்பழுவூர் என்று தனியார் ஆலைகளும் அடுத்தடுத்து நிற்கின்றன.

இப்படி ஓர் ஆலையோ சுரங்கமோ வர, அல்லது இருப்பதை விரிவாக்க, 2006 செப்டம்பர் 14 அறிவிக்கையின்படி சுற்றுச்சூழல் முன் அனுமதி வேண்டும். பெரிய திட்டங்கள் டெல்லியில் உள்ள சுற்றுச்சூழல் அமைச்சகத்துக்கும், மற்றவை மாநில ஆணையத்துக்கும் போகும். எதை எதை ஆராய வேண்டும் என்று வல்லுநர் குழு முதலில் வரையறுத்துக் கொடுக்கும். அதன்படி சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிக்கை தயாரிக்கும் ஆலோசனை நிறுவனத்துக்குக் கூலி கொடுப்பது அனுமதி கேட்கும் நிறுவனமே. அறிக்கையின் பல பலவீனங்களுக்கு இந்த ஏற்பாடுதான் வேர் என்பது என் உறுதியான எண்ணம்.

அறிக்கைக்காக, திட்ட இடத்தைச் சுற்றிப் பத்து கிலோமீட்டர் வட்டத்துக்குள் காற்று, நீர், மண், ஒலி எல்லாம் அளக்கப்படும். வழக்கமாக இது மழையில்லாத ஒரு பருவத்தில் மூன்று மாத அளவீடு. அரியலூருக்கு மழையோ ஐப்பசி, கார்த்திகையில். ஓடை எந்தப் பக்கம் திரும்பும், பள்ளத்தில் எவ்வளவு நீர் தேங்கும், பக்கத்துக் கிணறு ஏறுமா இறங்குமா என்பதெல்லாம் தெரியவரும் மாதங்கள் அவை. அந்த மாதங்களை விட்டுவிட்டு நிலத்தடி நீரைப் பற்றி முடிவுக்கு வருவது எப்படிச் சரியாகும்?

அதைவிடப் பெரிய குறை வேறு. ஆலைகள் இவ்வளவு நெருங்கி நிற்கும் மாவட்டத்தில் ஒன்றின் வட்டம் இன்னொன்றின் வட்டத்தின் மேல் விழுகிறது. விண்ணப்பங்கள் மட்டும் தனித்தனியாகவே வருகின்றன, தனித்தனியாகவே எடைபோடப்படுகின்றன. இதைச் சட்டம் எழுதியவர்கள் யோசிக்காமல் இல்லை. அறிவிக்கையோடு வந்த முதல் படிவத்தில் 9-ஆம் பகுதியின் கடைசிக் கேள்வியே இதுதான்: அருகில் இருக்கும், வரவிருக்கும், இதே போன்ற விளைவுள்ள திட்டங்களோடு சேர்ந்து விளைவு கூடுமா? ஒரே சாலையில் எல்லா ஆலைகளின் டிப்பர் லாரிகளும் ஓடுகின்றன. அந்தப் புழுதியில் எது எந்த ஆலையுடையது என்று பிரித்துச் சுவாசிக்க யாராலும் முடியாது. ஆகவே, அந்த ஒரு கேள்விக்கு முழுப் பதில் இல்லாத விண்ணப்பத்தைக் குழு திருப்பி அனுப்ப வேண்டும்.

மக்கள் இதைக் கேட்க ஓர் இடம் உண்டு: கருத்துக் கேட்புக் கூட்டம். மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் குறைந்தது 30 நாள் முன்னறிவிப்போடு நடத்த, மாவட்ட ஆட்சியரோ கூடுதல் ஆட்சியர் நிலைக்குக் குறையாத அவரது பிரதிநிதியோ தலைமை வகிப்பார். தமிழ்ச் சுருக்க அறிக்கை ஆட்சியர் அலுவலகத்தில் முன்கூட்டியே பார்வைக்கு வைக்கப்பட வேண்டும். வேலை கேட்பவர், நிலம் போனவர், தூசியைச் சொல்பவர் என எல்லாரும் பேசலாம். கூட்டம் முழுவதும் வீடியோவில் பதிவாகும். முடிவில், பேசப்பட்டவற்றின் சுருக்கத்தை அங்கேயே மக்கள் மொழியில் படித்துக் காட்ட வேண்டும் என்பது விதி. நேரமாகிவிட்டது என்று அதற்கு முன் எழுந்து போய்விடாதீர்கள். நீங்கள் சொன்னது விடுபட்டிருந்தால் சேர்க்கச் சொல்லும் வாய்ப்பு அப்போதுதான். வல்லுநர் குழுவின் மேசைக்குப் போவது அந்தத் தாள்தான். குழு அலசி முடிக்க 60 நாள், அரசு முடிவெடுக்க 45 நாள்.

இந்த ஆய்வையும் அனுமதியையும் அரசிலிருந்து தனித்து நின்று செய்ய ஒரு தேசிய ஒழுங்குமுறை அமைப்பு வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2011-இல் லஃபார்ஜ் வழக்கில் சொன்னது. அதுவும் சுண்ணாம்புக்கல் வழக்குதான். மேகாலயாவில் வெட்டிய கல் கன்வேயர் பெல்ட்டில் வங்கதேச ஆலைக்குப் போன விவகாரம் அது. 2014 மார்ச் 31-க்குள் அமைப்பை ஏற்படுத்த வேண்டும் என்று 2014 ஜனவரியில் கெடுவும் விதித்தது. கெடு கடந்தது, அமைப்பு வரவில்லை. திட்டங்களை ஊக்குவிக்கும் அதே அரசின் அமைச்சகமே இன்றும் அனுமதியைத் தருகிறது.

அனுமதி கிடைத்த பின் நிறுவனம் ஆண்டுதோறும் ஜூன் 1, டிசம்பர் 1 தேதிகளில் நிபந்தனைகளைப் பின்பற்றியது பற்றிய அறிக்கை கொடுக்க வேண்டும். அதை எப்படிப் படிப்பது என்று அடுத்த வாரம் பார்ப்போம்.

(தொடரும்)