உடையும் பீங்கான் எஃகைக் காப்பது எப்படி?



படிவம் 5 மாணவர் ஒருவர் விளக்கக் கட்டுரையில் இப்படி எழுதியிருந்தார்: “பீங்கான் எளிதில் உடையும். எனவே கனரகத் தொழில்களுக்கு அது உதவாது.” நானும் சரி என்று போட்டுவிட்டேன். பீங்கான் மங்கு கைதவறி விழுந்தால் என்ன ஆகும் என்று நமக்குத் தெரியாதா என்ன! பிறகு பேச்சுவாக்கில் இதை அறிவியல் ஆசிரியர் ஒருவரிடம் சொன்னேன். முதல் வாக்கியம் சரி, இரண்டாவது தப்பு என்றார் அவர். மறுநாள் அந்த மாணவரைக் கூப்பிட்டு, “தம்பி, தப்பு என்மேல்தான்” என்று சொல்ல வேண்டியதாயிற்று. அதன் பிறகு தேடிப் படித்ததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

குழப்பம் சொல்லில்தான் தொடங்குகிறது. ‘உறுதியானது’ என்று ஒரே சொல்லைப் போட்டு முடித்துவிடுகிறோம். ஆனால் கடினம் வேறு, உடையாமை வேறு. ஒரு பொருளை எளிதில் கீற முடியாவிட்டால் அது கடினமானது. சுத்தியலால் அடித்தாலும் சிதறாமல் இருப்பது வேறொரு பண்பு. எஃகு அடியைத் தாங்கும். ஆனால் மணல் உரசினால் தேயும். பீங்கான் இதற்கு நேர்மாறு. மோஸ் அளவுகோலில் வைரம் 10 என்றால் அலுமினா 9. ஆற்று மணலில் உள்ள குவார்ட்ஸ் 7. சாதாரண எஃகு 4, 5 என்ற அளவில்தான் நிற்கும். ஆக, மணல் எஃகைக் கீறும், அலுமினாவைக் கீறாது.

மழை நாளில் திரிங்காப் பக்கம் வந்து பாருங்கள். சாலையோர வாய்க்கால் தே தாரிக் நிறத்தில் ஓடும். தோட்டங்களிலிருந்தும் வெட்டிய மலைச்சரிவுகளிலிருந்தும் மண் கரைந்து ஆற்றில் இறங்குகிறது. கேமரன் மலையிலிருந்து இப்படி வரும் மண் ரிங்லெட்டில் உள்ள சுல்தான் அபு பாக்கார் அணையின் ஏரியில் படிந்து, அதை அள்ளுவதே ஓயாத வேலையாகிவிட்டது. இப்படி மணல் கலந்த நீர் உயரத்திலிருந்து பாய்ந்து மின்நிலையச் சுழலியைத் தாக்கினால், அந்த எஃகு என்னவாகும்?

இமயமலையில் இதற்கு விடை கிடைக்கிறது. இமாச்சலப் பிரதேசத்தில் சட்லெஜ் ஆற்றில் உள்ள நாத்பா ஜாக்ரி நிலையம் 1500 மெகாவாட் திறனுடையது. அந்த ஆற்று நீரில் குவார்ட்ஸ் துகள் அதிகம். சுழலிகள் அரித்துப்போவது அங்கே பெரும் தலைவலி. அதனால் நீர் படும் பாகங்களின் மேல் டங்ஸ்டன் கார்பைடுப் பூச்சு கொடுக்கிறார்கள். பீங்கான் போலக் கடினமான துகள்களைக் கோபால்ட் போன்ற உலோகம் பிடித்து வைத்திருக்கும் கலவை அது. சூடாக்கிய தூளை மிக வேகமாகப் பீய்ச்சி ஒட்டவைப்பார்கள். சுழலி முழுவதையும் பீங்கானில் செய்வதில்லை என்பதைக் கவனியுங்கள். உள்ளே எஃகு சுமையைத் தாங்குகிறது, மேலே உள்ள மெல்லிய பூச்சு உரசலைத் தாங்குகிறது.

அனல்மின் நிலையத்திலும் இதே கதைதான். நிலக்கரியைத் தூளாக்கிக் காற்றோடு குழாயில் ஊதுவார்கள். இந்திய நிலக்கரியில் சாம்பல் பெரும்பாலும் 30 முதல் 40 விழுக்காடு. அதிலும் குவார்ட்ஸ் உண்டு. குழாய் நேராகப் போகும் இடத்தில் அவ்வளவு சேதமில்லை. வளைவில்தான் துகள்கள் நேராகப் போய் மோதி எஃகை ஓட்டையாக்கும். ஆகவே அங்கே உட்புறம் அலுமினா ஓடுகளைப் பதிக்கிறார்கள். நம் வீட்டுக் குளியலறையில் ஓடு பதிப்பதில்லையா, ஏறக்குறைய அப்படித்தான். ஆனால் ஓடுதான் வேறு. சாதாரண மங்கு களிமண்ணில் செய்தது. இதுவோ தூய்மையாக்கிய அலுமினாத் தூளை அழுத்தி, உருகவிடாமல் 1600 பாகை செல்சியஸ் அளவில் சுட்டு இறுக்கியது. இரும்பே 1538 பாகையில் உருகிவிடும். அலுமினா உருக 2000 பாகையையும் தாண்ட வேண்டும். உலோக உலைகளில் வெப்பத்தைத் தாங்கவும் இது பயன்படுகிறது.

இனி, தமிழாசிரியர்களுக்குப் பிடித்த செய்தி. இயற்கையில் கிடைக்கும் படிக அலுமினாவை உலகமே ‘கொரண்டம்’ என்கிறது. மாணிக்கமும் நீலக்கல்லும் அதன் வகைகளே. அந்தப் பெயர் நம் ‘குருந்தம்’ என்ற சொல்லிலிருந்து போனது. ஆங்கில அகராதிகளே இதைக் குறித்திருக்கின்றன. 1890களில் அமெரிக்கர் எட்வர்ட் அச்சிசன் சிலிக்கான் கார்பைடைச் செயற்கையாக உருவாக்கியபோது, கரியும் கொரண்டமும் சேர்ந்தது என நினைத்து ‘கார்போரண்டம்’ என்று பெயரிட்டார். நினைப்பு தப்பு, பெயர் நிலைத்துவிட்டது. 1954இல் முருகப்பா குழுமம் வெளிநாட்டு நிறுவனங்களுடன் சேர்ந்து சென்னையில் கார்போரண்டம் யுனிவர்சல் நிறுவனத்தைத் தொடங்கியது. சாணைக்கற்களோடு தொழிற்சாலைகளுக்கான பீங்கான் பொருள்களையும் அது செய்கிறது. தமிழ்ச்சொல் உலகம் சுற்றிவிட்டு ஊருக்கே திரும்பிவந்த கதை இது. வகுப்பில் சொன்னேன், கடைசி வரிசைகூட நிமிர்ந்து உட்கார்ந்தது!

மாணவர்களே, தேர்வில் இத்தலைப்பு வந்தால் பயன்களை மட்டும் அடுக்காதீர்கள். பீங்கானின் குறையையும் எழுதுங்கள். திடீர் அடியும் திடீர் வெப்ப மாற்றமும் அதற்கு ஆகாது. ஓர் ஓடு பெயர்ந்துவிட்டால் அந்த இடத்தில் எஃகு மறுபடியும் தேயத் தொடங்கும். அதனால் அவ்வப்போது திறந்து பார்த்தாக வேண்டும்.

அந்த மாணவர் தம் வாக்கியத்தைத் திருத்தி எழுதிக் கொண்டுவந்தார்: “பீங்கான் அடிபட்டால் நொறுங்கும், ஆனால் உரசலால் எளிதில் தேயாது. எனவே, கனரகத் தொழில்களில் அது எஃகின் மேல் கவசமாகப் பொருத்தப்படுகிறது.” இந்தத் தடவை நிதானமாகப் படித்துவிட்டுத்தான் சரி போட்டேன்.