ஜமாஅத் பீரோ முதல் எழும்பூர் வரை: ஆவணக் காப்பாளர்கள் செய்யும் பணி

நிக்காஹ் தஃப்தர், வக்ஃபு பத்திரம், கபரஸ்தான் நிலத்தின் வரி ரசீது, பழைய வரவு செலவுக் கணக்கு. எந்த ஊர் பள்ளிவாசல் பீரோவைத் திறந்தாலும் இவற்றில் சில இருக்கும். நிர்வாகம் மாறும்போது சாவி கைமாறுகிறது. உள்ளே என்னென்ன இருக்கின்றன என்ற பட்டியல் பெரும்பாலும் கைமாறுவதில்லை. தேவை வரும்போதுதான் தேடத் தொடங்குகிறோம்.

2025-இல் அப்படி ஒரு தேவை எல்லா ஜமாஅத்துகளுக்கும் ஒரே நேரத்தில் வந்தது. வக்ஃபு திருத்தச் சட்டத்தைத் தொடர்ந்து, ஜூன் 6 அன்று 'உமீத்' இணையதளம் தொடங்கப்பட்டது. பதிவு பெற்ற வக்ஃபு சொத்துகளின் விவரங்களை அதில் ஏற்ற ஆறு மாத அவகாசம் தரப்பட்டது. சொத்தின் எல்லை, வக்ஃபு செய்தவரின் பெயர், வக்ஃபு செய்த நாள், பத்திரம் இருந்தால் அதன் நகல், முத்தவல்லியின் விவரம், ஆண்டு வருமானம் எனப் பலவும் கேட்கப்பட்டன. முன்னோரின் தாள்களை ஒழுங்காக வைத்திருந்தவர்களுக்கு அது தட்டச்சு வேலை. மற்றவர்களுக்கு அலுவலகம் அலுவலகமாக அலைச்சல்.

யார் இவர்கள்?

அந்த ஒழுங்கையே தொழிலாகக் கொண்டவர்கள்தான் ஆவணக் காப்பாளர்கள். எதை நிரந்தரமாக வைக்க வேண்டும் என்று தீர்மானிப்பது, பட்டியலிடுவது, கேட்பவருக்கு எடுத்துத் தருவது இவர்கள் வேலை. இவர்களோடு சேர்ந்து இயங்கும் வேறு சிலரும் உண்டு. ஆட்சியர், வட்டாட்சியர் அலுவலகப் பதிவறைகளில் கோப்புகளைக் காப்பவர்கள், பூச்சி அரித்த தாளைச் செப்பனிடுபவர்கள், ஏட்டையும் பழைய கையெழுத்தையும் படித்துச் சொல்லும் சுவடியியல் வல்லுநர்கள். நம் வீடுகளில் கிடக்கும் அரபுத்தமிழ் கிதாபுகளைப் படிக்கத் தெரிந்தவர்கள் குறைந்து வருவதால், கடைசியாகச் சொன்னவர்களின் தேவை நமக்கு அதிகம்.

சித்தையன்கோட்டையின் தாள்கள் எங்கே?

நமது ஊரையே எடுத்துக்கொள்வோம். திண்டுக்கல் மாவட்டம் 1985 செப்டம்பர் 15 அன்றுதான் உருவானது. அதற்கு முன் நாம் மதுரை மாவட்டம். ஆகவே பழைய ஆவணம் தேடுபவர் திண்டுக்கல்லோடு நின்றுவிடாமல், மதுரை மாவட்டப் பதிவுகளிலும் விசாரிக்க வேண்டும்.

இன்றைய நில விவரத்துக்குக் கிராம நிர்வாக அலுவலரின் 'அ' பதிவேடு, கிரயம், அடமானம் போன்ற பதிவுகளுக்குச் சார்பதிவாளர் அலுவலகம், வக்ஃபுப் பதிவுக்கு வக்ஃபு வாரியம் என ஒவ்வொன்றுக்கும் ஓர் இடம் உண்டு. அதற்கும் பின்னால் போக வேண்டுமானால் சென்னை எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகம். மெட்ராஸ் ரெக்கார்டு ஆபீஸ் என்ற பெயரில் 1909-இல் இன்றைய கட்டடத்துக்கு வந்த இந்தக் காப்பகத்தில் 1670 முதலான ஆவணங்கள் உள்ளன.

அங்குள்ளவற்றில் நமக்கு முக்கியமானவை இனாம் பதிவேடுகள். மானிய நிலங்களை விசாரிக்க மெட்ராஸ் மாகாணத்தில் 1858-இல் இனாம் கமிஷன் அமைக்கப்பட்டது. எந்தக் கிராமத்தில், எவ்வளவு நிலம், யார் கொடுத்தது, எதற்காக, யார் அனுபவிக்கிறார் என்று கமிஷன் விசாரித்து எழுதி வைத்தது. பள்ளிவாசல், தர்கா, கோயில் எல்லாவற்றின் மானியங்களும் அதில் அடங்கும். நிலத் தகராறுகளில் இந்தப் பதிவேட்டின் நகல் இன்றும் நீதிமன்றத்தில் சான்றாக வைக்கப்படுகிறது.

வரிசையைக் கலைக்காதே

ஆவணக் காப்பாளர் முதலில் கற்பது இரண்டு விதிகள். ஒருவரிடமிருந்து வந்த தாள்களை இன்னொருவருடையதோடு கலக்கக் கூடாது. வந்த வரிசையையும் மாற்றக் கூடாது. நிக்காஹ் தஃப்தரில் ஒரு பதிவுக்கு முன்னும் பின்னும் உள்ள பதிவுகள்தான், அது அந்தத் தேதியில் எழுதப்பட்டது என்பதற்குச் சாட்சி. ஒரு பக்கத்தைக் கிழித்துக் குடும்பத்தாரிடம் கொடுத்துவிட்டால், அந்தப் பக்கமும் பலம் இழக்கிறது, புத்தகமும் பலம் இழக்கிறது.

சட்டமும் இதையே பார்க்கிறது. 30 ஆண்டுகள் பழைய ஆவணம் உரியவரின் பாதுகாப்பிலிருந்து வந்தால், அதன் கையெழுத்து உண்மையானது என்று நீதிமன்றம் அனுமானிக்கலாம். பழைய சாட்சியச் சட்டத்தில் 90-ஆவது பிரிவாக இருந்தது, புதிய பாரதிய சாக்ஷிய அதிநியத்தில் 92-ஆவது பிரிவாகத் தொடர்கிறது. எழுதியவரும் சாட்சிகளும் மறைந்த பின், தாள் எங்கே, யாரிடம் இருந்தது என்பதே பேசும்.

ஜமாஅத்தும் வீடும் செய்ய வேண்டியவை

• பீரோவில் உள்ளவற்றுக்கு எண் போட்டுப் பட்டியல் எழுதுங்கள். நிர்வாகம் மாறும்போது பட்டியலைப் பார்த்துச் சரிபார்த்து, இரு தரப்பும் கையெழுத்திடட்டும்.
• பழைய பத்திரத்தை லேமினேட் செய்யாதீர்கள், செலோ டேப் ஒட்டாதீர்கள். இரண்டையும் பின்னால் பிரித்தெடுக்கும்போது தாளும் எழுத்தும் போய்விடும்.
• சுவரையும் தரையையும் ஒட்டி வைக்க வேண்டாம். ஈரமும் கரையானும் அங்கிருந்துதான் வரும்.
• ஸ்கேன் செய்து இரண்டு இடங்களில் வையுங்கள். ஸ்கேன் இருக்கிறது என்று அசலை எறிந்துவிடாதீர்கள்.
• பழைய புகைப்படங்களில் இருப்பவர்கள் யார் என்று பெரியவர்கள் இருக்கும்போதே கேட்டுத் தனித் தாளில் எழுதுங்கள்.
• 2009-ஆம் ஆண்டுச் சட்டப்படி தமிழ்நாட்டில் எல்லாத் திருமணங்களையும் அரசிடம் பதிவு செய்ய வேண்டும். தஃப்தரில் எழுதியதோடு நிற்க வேண்டாம்.

வரலாறு, தமிழ், அரபி படிக்கும் நம் பிள்ளைகளுக்கு இது ஒரு தொழில் வாய்ப்பும்கூட. டெல்லியில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தின் பயிற்சிப் பள்ளி ஓராண்டு டிப்ளமோ நடத்துகிறது.

குர்ஆனின் மிக நீண்ட வசனம், கடன் கொடுக்கல் வாங்கலை எழுதி, சாட்சி வைத்துக்கொள்வதைப் பற்றியது (அல்பகரா 282). எழுதுவது நமக்குப் புதிதில்லை. எழுதியதை அடுத்த தலைமுறைக்குக் கொண்டு சேர்ப்பதில்தான் கவனம் தேவை. இன்ஷா அல்லாஹ், அடுத்த ஜமாஅத் கூட்டத்தில் அந்தப் பட்டியலைத் தொடங்கலாம்.