மலிவு விலையில் பழைய தராசு: வாங்குமுன் கவனிக்க வேண்டியவை

எஸ்டேட் பங்களா ஒன்று காலியாகிறது, தேயிலைத் தொழிற்சாலை ஒன்று மூடப்படுகிறது என்ற செய்தி ஊட்டி, குன்னூர், கோத்தகிரி கடைவீதிகளில் பரவ அதிக நேரம் ஆவதில்லை. பழைய இரும்பு வியாபாரிகளுடன் நம்மவர்களும் போய்ப் பார்க்கிறார்கள். இலை எடை போட்ட பிளாட்பாரத் தராசு, எடைக்கற்கள், மூட்டைத் தள்ளுவண்டி, மர ராக்கைகள், ஸ்பேனர் செட், வைஸ், கவாத்துக் கத்தி என்று பலதும் புது விலையில் ஒரு பங்குக்குக் கிடைக்கும். வாங்கக் கூடாது என்று நாம் சொல்லப்போவதில்லை. கடைக்கு முதல் போடுவதில் சிக்கனம் பார்ப்பது வியாபாரியின் இயல்பு, பார்க்கவும் வேண்டும். ஆனால் தராசு மட்டும் மற்றப் பொருள்களைப் போன்றதல்ல. அதைக் கொஞ்சம் விரிவாகவே எழுத வேண்டியிருக்கிறது.

தராசு வாங்கும்போது முதலில் பார்க்க வேண்டியது முத்திரை. 2009-ஆம் ஆண்டின் சட்டமுறை எடையளவுச் சட்டம் 2011 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. தமிழ்நாட்டில் இதை அமல்படுத்துவது தொழிலாளர் துறை. எடைக்கற்கள், தட்டுத் தராசு, அளவைகள் ஆகியவற்றுக்கு 2 ஆண்டுகளுக்கு ஒருமுறையும், எலெக்ட்ரானிக் தராசுக்கு ஆண்டுதோறும் மறுமுத்திரை வேண்டும். முத்திரையில் வருடமும் காலாண்டைக் குறிக்கும் ஆங்கில எழுத்தும் இருக்கும். "போன மாதம் வரை நன்றாக ஓடியது" என்று விற்பவர் சொல்லலாம். முத்திரை காலாவதியாகியிருந்தால் அந்தப் பேச்சு நம்மைக் காப்பாற்றாது. முத்திரை இல்லாத தராசைக் கடையில் வைத்து வியாபாரம் செய்வது மட்டுமல்ல, அதை விற்பதும் குற்றமே. ஆகவே விலை பேசும்போதே, லைசென்ஸ் உள்ள தராசுப் பழுதுபார்ப்பவர் பார்த்துச் சரி என்று சொல்லி, முத்திரையும் ஆன பிறகே பொருள் கைமாறும் என்று பேசிக்கொள்வது நல்லது. பழுதுபார்த்த தராசுக்கு மறுபடி முத்திரை போட வேண்டும் என்பதையும் மறக்கக் கூடாது. அந்தச் செலவும் விலையில் சேர்ந்ததுதான்.

எலெக்ட்ரானிக் தராசு என்றால் அதன் தகட்டில் மாடல் அங்கீகார எண் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஐ.என்.டி. என்ற எழுத்துகளுடன் வருட எண்ணும் சேர்ந்து இருக்கும். அது இல்லாத சமையலறைத் தராசு எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் கடைக்கு உதவாது. அதற்கு முத்திரையே போட மாட்டார்கள்.

இனி மலை வியாபாரிகளுக்கே உரிய ஒரு விஷயம். மேட்டுப்பாளையத்திலோ கோவையிலோ பழைய எலெக்ட்ரானிக் தராசு வாங்கி மேலே கொண்டு வருபவர்கள் நம்மில் உண்டு. மேட்டுப்பாளையத்துக்கும் ஊட்டிக்கும் உயர வித்தியாசம் சுமார் 1,900 மீட்டர். உயரே போகப்போகப் பூமியின் ஈர்ப்பு மிகச் சிறிதளவு குறைகிறது. எலெக்ட்ரானிக் தராசும் வில் தராசும் தட்டின் மீது விழும் அழுத்தத்தைத்தான் அளக்கின்றன. எனவே கீழே சரிசெய்த தராசு மேலே வந்ததும் 10 கிலோவுக்கு நாலைந்து கிராம் குறைத்துக் காட்டும். 20 கிலோ முத்திரைக் கல்லை வைத்தால் 19.990 என்று காட்டினாலும் ஆச்சரியமில்லை. தட்டுத் தராசில் இந்தத் தொல்லை கிடையாது. ஒரு பக்கம் கல், மறு பக்கம் பொருள். ஈர்ப்பு குறைந்தால் இரண்டுக்கும் ஒன்றாகவே குறையும். நகரும் குண்டு வைத்த பிளாட்பாரத் தராசும் அப்படித்தான்.

நாலு கிராம்தானே என்று தோன்றும். கணக்குப் போட்டுப் பார்ப்போம். நாள் ஒன்றுக்கு 300 கிலோ சரக்கை எடை போட்டு விற்கும் கடையில் தினமும் 120 முதல் 150 கிராம் வரை இலவசமாகப் போகிறது. மாதத்துக்குச் சுமார் 4 கிலோ. தராசு வாங்கியதில் மிச்சம் பிடித்த பணம் இப்படிச் சிறுகச் சிறுகக் கரையும். இதே தராசால் விவசாயியிடம் பச்சைத் தேயிலையோ உருளைக்கிழங்கோ வாங்கினால் நட்டம் அவருக்கு: 1,000 கிலோவுக்கு அரைக் கிலோ அளவில். மேலே சரிசெய்த தராசைக் கீழே கொண்டுபோய் விற்றால் அது கூட்டிக் காட்டும். அங்கே ஏமாறுபவர் வாடிக்கையாளர். வேண்டுமென்று யாரும் செய்யாவிட்டாலும் சந்தேகம் என்னவோ கடைக்காரர் மீதுதான் விழும். மலைக்கு வந்த தராசை, எந்தக் கடையில் உட்காரப் போகிறதோ அந்தக் கடையிலேயே முத்திரைக் கல் வைத்துச் சரிசெய்து, அதன் பிறகு முத்திரைக்கு அனுப்ப வேண்டும்.

சோதனைக்குப் பெரிய வித்தை ஒன்றும் தேவையில்லை. ஒரே கல்லைத் தட்டின் நடுவிலும் நான்கு மூலைகளிலும் வைத்துப் பார்த்தால் ஒரே எடை காட்ட வேண்டும். கல்லை எடுத்ததும் பூஜ்யத்துக்குத் திரும்ப வேண்டும். மூன்று முறை வைத்து எடுத்தால் மூன்று முறையும் ஒன்றாக இருக்க வேண்டும். தட்டுத் தராசில் இரு பக்கமும் சமமாக நின்ற பிறகு கல்லையும் பொருளையும் இடம் மாற்றி வைத்துப் பாருங்கள். முள் சாய்ந்தால் கத்திமுனை தேய்ந்திருக்கிறது, அல்லது கோல் வளைந்திருக்கிறது. பழைய பிளாட்பாரத் தராசில் கொக்கியில் தொங்கவிடும் குண்டுகள் அந்தத் தராசுக்கென்றே செய்தவை. ஒன்று காணாமல் போயிருந்தாலும், வேறு தராசின் குண்டைக் கொடுத்துச் சமாளிக்கிறார்கள் என்றாலும், இரும்பு விலைக்கு மேல் கொடுக்க வேண்டாம். எடைக்கல்லில் ஈயம் ஊற்றிய குழி உண்டு. முத்திரை அந்த ஈயத்தின் மேல்தான் விழும். ஈயம் தோண்டப்பட்டிருந்தால் கல் இலேசாகியிருக்கும்.

பழைய வீடுகளில் பவுண்டுக் கற்களும் வீசைக் கற்களும் அகப்படுவதுண்டு. நம் நாட்டில் மெட்ரிக் எடைகள் 1958 அக்டோபர் முதல் படிப்படியாக வந்தவை. அதற்கு முந்திய கற்களை அழகுக்கு வைக்கலாம். வியாபாரத்துக்கு எடுக்கக் கூடாது.

மற்றச் சாமான்களைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லலாம். மோட்டார் இல்லாத பொருள்தான் பழையதில் நல்ல பேரம். தள்ளுவண்டிக்குச் சக்கரமும் அச்சும் பார்த்தால் போதும். மலையின் ஈரத்தில் துரு சீக்கிரம் பிடிக்கும் என்பதால் பெயின்ட் புதிதாக அடித்த பொருளைச் சுரண்டிப் பார்க்கத் தயங்க வேண்டாம். பிரிட்டிஷ் காலத்து ஸ்பேனர்கள் நல்ல எஃகுதான், ஆனால் விட்வொர்த் அளவில் இருக்கும். இன்றைய மில்லிமீட்டர் நட்டுகளுக்குப் பொருந்தாது. பழைய மார்ஷல் ரோலரோ சிராக்கோ டிரையரோ ஓடும் தொழிற்சாலைக்காரர்கள் அவற்றைத் தேடி வாங்குவார்கள், ஹார்டுவேர் கடை வைத்திருப்பவர்கள் குறித்துக்கொள்ளலாம். பழைய ஃபிரிட்ஜ், ஃபிரீசர் பக்கம் போகாமல் இருப்பதே மேல். ஆர்-12 வாயுவில் ஓடும் பெட்டி என்றால் அந்த வாயுவின் உற்பத்தி 2010-லேயே நிறுத்தப்பட்டது. கரன்ட் பில் வேறு தனி.

பொதுத்துறை நிறுவனங்களின் கழிவுப் பொருள்கள் பெரும்பாலும் எம்.எஸ்.டி.சி. இணையவழி ஏலத்தில் வருகின்றன. முன்பணம் கட்ட வேண்டும், லாட் லாட்டாகத்தான் எடுக்க வேண்டும், இருக்கும் இடத்தில் இருக்கும் நிலையில் என்பது நிபந்தனை. தனிக் கடைக்கு இது தாங்காது. நாலைந்து பேர் சேர்ந்து, நேரில் போய்ப் பார்த்த பிறகே எடுக்கலாம். மலைப்பாதையில் இறக்கவும் ஏற்றவும் ஆகும் லாரி வாடகையை முதலிலேயே விசாரித்துக்கொள்ள வேண்டும்.

யாரிடம் வாங்கினாலும் விற்பவரின் பெயர், முகவரி, கையெழுத்துடன் ஒரு சீட்டு வாங்கிக்கொள்ளுங்கள். எஸ்டேட் பொருள் என்றால் நிர்வாகத்தின் கடிதம் கேளுங்கள். வாசலுக்கே கொண்டுவந்து பாதி விலைக்குத் தருகிறேன் என்பவரிடம் இவை இருக்காது. திருட்டுப் பொருள் என்று தெரிந்தோ, அப்படி நம்புவதற்குக் காரணம் இருந்தோ வாங்கினால், 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 317-ஆம் பிரிவில் வாங்கியவரும் மாட்டுவார். சீட்டைத் தராசின் முத்திரைச் சான்றிதழுடன் ஒரே ஃபைலில் வைத்தால் ஆய்வாளர் வரும் நாளில் தேட வேண்டியிராது.