தைரொயிட்டு நோயும் பரம்பரையும்

கழுத்தின் முற்புறத்தே, குரல்வளைக்குச் சற்றுக் கீழே வண்ணத்துப்பூச்சி வடிவில் அமைந்திருப்பது தைரொயிட்டுச் சுரப்பியாகும். அது சுரக்கும் தைரொட்சின் என்னும் ஓமோனே உடற்கலங்களின் தொழில் வேகத்தை ஒழுங்குபடுத்துகின்றது. இவ்வோமோன் குறையின் களைப்பும் மந்தமும் குளிர் தாங்காமையும் தோன்றும். மிகின் நெஞ்சு படபடக்கும், கை நடுங்கும், உடல் மெலியும்.

இக்குறைவுக்கும் மிகைக்கும் பெரியதொரு காரணம் உடலின் உள்ளேயே உள்ளது. நோய்க்கிருமிகளை எதிர்த்தற்கென அமைந்த நிர்ப்பீடனத் தொகுதி, சிலரிடத்தில் இச்சுரப்பியையே பகையெனக் கொண்டு தாக்குகின்றது. வேலியே பயிரை மேயும் இந்நிலை ‘தன்னெதிர்ப்பு நோய்’ எனப்படும். 1912 இல் யப்பானிய மருத்துவர் ஹசிமோட்டோ, நான்கு பெண்களின் சுரப்பிகளில் நிணநீர்க் கலங்கள் நிறைந்திருத்தலை விவரித்தார். அந்நோயாளரின் குருதியில் தம் சுரப்பிப் புரதத்தையே எதிர்க்கும் பிறபொருளெதிரிகள் உள்ளன என்பதை, 1956 இல் இலண்டனில் ரொயிற், டொனியாக் முதலியோர் காட்டினர். ஹசிமோட்டோ நோயில் சுரப்பி மெல்ல அழிகின்றது. டப்ளின் நகர மருத்துவர் கிரேவ்சு 1835 இல் விவரித்த நோயிலோ, பிறபொருளெதிரிகள் சுரப்பியை இடையறாது தூண்டுகின்றன.

இந்நோய்கள் சில குடும்பங்களில் மிகுதியாகத் தோன்றுதல் நெடுநாளாக அறியப்பட்டதே. ஆயின், ஒரு குடும்பத்தார் பரம்பரையை மட்டுமன்றி, உணவையும் வாழிடத்தையும் பகிர்ந்துகொள்கின்றனர். இவற்றைப் பிரித்தறிய இரட்டையர் ஆய்வு உதவிற்று. டென்மார்க்கில் நிகழ்ந்து 2001 இல் வெளியான ஆய்வின்படி, ஒருகரு இரட்டையருள் ஒருவருக்குக் கிரேவ்சு நோய் இருப்பின் மற்றவருக்கும் அது தோன்றும் வாய்ப்பு நூற்றுக்கு ஏறத்தாழ 35. இருகரு இரட்டையரில் அது 3 மட்டுமே.

இவ்வெண்கள் இரண்டு உண்மைகளை உணர்த்துகின்றன. பரம்பரையின் பங்கு பெரிது என்பது ஒன்று. பரம்பரையலகுகள் முற்றும் ஒத்திருந்தும், நூற்றுக்கு ஏறத்தாழ 65 பேர் நோயின்றி இருந்தனர் என்பது மற்றொன்று. ஆகவே, பெற்றோர் வழியாக வருவது நோயன்று. நோய்க்கு இடங்கொடுக்கும் இயல்பே.

இவ்வியல்பும் ஒரு பரம்பரையலகால் அமைவதன்று. ஆறாம் நிறமூர்த்தத்திலுள்ள எச்.எல்.ஏ. தொகுதி, எப்புரதத் துண்டுகள் நிர்ப்பீடனக் கலங்களுக்குக் காட்டப்படும் என்பதைத் தீர்மானிக்கின்றது. இரண்டாம் நிறமூர்த்தத்திலுள்ள சி.ரி.எல்.ஏ.-4, அக்கலங்களின் வேகத்தைத் தடுக்கும் கடிவாளம் போன்றது. பதினான்காம் நிறமூர்த்தத்தில், சுரப்பியைத் தூண்டும் ஓமோனை ஏற்கும் புரதத்துக்குரிய அலகு உள்ளது. இவற்றின் சில வேறுபாடுகள் ஒவ்வொன்றும் நோய்வாய்ப்பைச் சிறிது கூட்டுகின்றன. அவற்றைத் தாங்கியவருட் பெரும்பாலோர் நலமாகவே வாழ்கின்றனர்.

அயடீன் மிகை, புகைபிடித்தல், மகப்பேற்றுக்குப் பிந்திய மாற்றங்கள் ஆகியன இவ்வியல்பை நோயாக்கத் துணைபுரியக்கூடும். புகைபிடித்தல் கிரேவ்சு நோயாளரின் கண்களையும் பெரிதும் தாக்குவதால், அதனைக் கைவிடுதல் நன்று. பெண்களையே இந்நோய்கள் பன்மடங்கு மிகுதியாகப் பற்றுகின்றன.

தாய்க்கு இந்நோய் உண்டென்பதால் மகளையும் நோயாளியெனக் கருதுதல் அறிவுடைமை ஆகாது. அவளிடம் தோன்றும் குறிகளைப் புறக்கணித்தலும் அவ்வாறே. முன்னர் ஊக்கமாயிருந்த மாணவி ஒருத்தி காரணமின்றிச் சோர்ந்து, படிப்பிற் பின்தங்கினால், சோம்பலெனக் கடிந்துகொள்ளுமுன் மருத்துவரை நாடச் செய்தல் பெற்றோர்க்கும் ஆசிரியர்க்கும் கடன். எளிய குருதிச் சோதனை ஒன்றே பெரும்பாலும் உண்மையைப் புலப்படுத்தும். ஓமோன் குறைவாயின், மருத்துவர் அளந்து தரும் தைரொட்சின் மாத்திரையை நாடோறும் உட்கொண்டு ஏனையோரைப்போல வாழலாம். பரம்பரையை மாற்றுதல் அரிது. அதனை அறிந்து காலத்தே செயற்படுதல் எவர்க்கும் இயலும்.