ஒரு தாளுக்கு எத்தனை கிராம் கரி?

ஏ4 தாள் ஒன்று 5 கிராம். 500 தாள் ஒரு ரீம், எடை இரண்டரை கிலோ. டன்னுக்கு 400 ரீம். கரூர் மாவட்டம் புகளூர்ப் பக்கம் காகிதபுரத்தில் டி.என்.பி.எல். காகித ஆலை 1984-ல் ஓடத் தொடங்கியபோது அதன் திறன் ஆண்டுக்கு 90,000 டன். பிறகு 1,80,000, 2010-களில் 4 லட்சம். அவ்வளவையும் ஏ4 தாளாகவே அறுத்தால் 16 கோடி ரீம்.

மரக்கூழும் பழைய காகிதமும் சேர்ந்தாலும், இந்த ஆலைக்குப் பெயர் வாங்கித் தந்தது கரும்புச் சக்கை. வயலிலிருந்தே கணக்குப் போடலாம். ஏக்கருக்கு 40 டன் கரும்பு என்று கொண்டால், பிழிந்தபின் மிஞ்சும் ஈரச் சக்கை 12 டன். ஒரு பிடி அள்ளிக் கசக்கினால் நார் விரலில் சிக்கும். பஞ்சுபோல் தூள் உதிரும். அந்தத் தூளை ஆலையில் ‘பித்’ என்பார்கள். கூழுக்கு உதவாது, கொதிகலனுக்குப் போகும். எடையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு அதுவே. மிச்சம் 8 டன், அதிலும் பாதி தண்ணீர். உலர்ந்த நார் 4 டன்னை வேகவைத்தால் கூழ் சுமார் 2 டன். ஆக, ஏக்கருக்கு 800 ரீம்.

சக்கையைக் கழிவு என்று எழுதுவதை நான் ஏற்கமாட்டேன். சர்க்கரை ஆலைக்கு அதுதான் விறகு. அதை எடுத்துக்கொண்டால் அங்கே அடுப்பு எரியாது. அதனால்தான் சக்கைக்கு ஈடாக நீராவியோ நிலக்கரியோ கொடுக்கும் ஏற்பாடு வந்தது. ஈரச் சக்கையின் வெப்பம் கிலோவுக்குச் சுமார் 2,200 கிலோகலோரி. நிலக்கரிக்கு 4,400 என்று வைத்தால், 2 டன் சக்கைக்கு 1 டன் கரி ஈடாகும். ஒரு டன் கூழுக்குச் சக்கை 6 டன். கரி 3 டன். பித் எரிந்து தரும் வெப்பத்தைக் கழித்தாலும் 2 டன் நிற்கிறது. ஆலை தன் மின்சாரத்துக்கு எரிப்பது தனி. மரம் வெட்டாத காகிதம் என்று மனமாரப் பாராட்டலாம். பாராட்டும்போது இந்த 2 டன்னையும் பக்கத்தில் எழுத வேண்டும்.

தண்ணீர் காவிரியிலிருந்து. டன்னுக்கு 50 கன மீட்டர் என்று வைத்தால், தாளுக்குக் கால் லிட்டர். சுத்திகரித்த நீர் சுற்றுவட்ட வயல்களுக்குப் பாய்கிறது. கழிவுநீரிலிருந்து எரிவாயு எடுக்கிறார்கள். சுண்ணாம்புச் சேறும் சாம்பலும் சிமென்ட் ஆகின்றன. வரவுப் பத்தியில் இவற்றையும் சேர்க்க வேண்டியதுதான்.

என் மேசையில் ஒரு பக்கம் மட்டும் அச்சான தாள்கள் 40 கிடக்கின்றன. முழுக்கச் சக்கைக் கூழ் என்றால், அவற்றுக்கு 10 லிட்டர் தண்ணீர், 400 கிராம் கரி.