செங்கல்லும் காலதரும்

ஊர்ப்பெயர்கள் பல, அவ்வூர் பிறந்த கதையைத் தம்முள் அடக்கி நிற்கும். கோலாலம்பூரின் பிரிக்பீல்ட்ஸ் அத்தகைய பெயர்களுள் ஒன்று. செங்கல் அறுத்துச் சூளையிட்ட களம் என்பதே அதன் பொருள். 1881ஆம் ஆண்டின் தொடக்கத்தில் கோலாலம்பூரைத் தீ அழித்தது. அவ்வாண்டின் இறுதியில் வெள்ளம் சூழ்ந்தது. மரமும் அத்தாப்புமாய் நின்ற ஊரைச் செங்கல்லாலும் ஓட்டாலும் மீண்டும் கட்டவேண்டுமென்று, 1882இல் சிலாங்கூரின் ரெசிடெண்டாக வந்த பிராங்க் சுவெட்டன்ஹாம் வற்புறுத்தினார். அதற்கு வேண்டிய செங்கல்லுக்காக யாப் ஆ லோய் சூளைகளை நிறுவிய இடமே இது. பின்னர் இரயில்வேப் பட்டறைகள் இங்கு எழுந்தன; இந்தியத் தமிழரும் யாழ்ப்பாணத் தமிழரும் இரயில்வேப் பணியாளராய்க் குடியேறினர்.

அன்று தீயினின்று ஊரைக் காத்தது செங்கல். இன்று அதே செங்கல்லும் அதனுடன் சேர்ந்த சிமெண்டும் தாரும் வேறொரு வெப்பத்துக்குக் காரணமாயின. 1957இல் கோலாலம்பூரின் மக்கள்தொகை 3 இலட்சத்துக்குச் சற்று மிகுதி. எல்லை விரிந்து குடியும் பெருகி, 2020ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் அது ஏறத்தாழ 20 இலட்சமாயிற்று. நாட்டு மக்களுள் நூற்றுக்கு 75 பேர் நகரவாசிகள் என்பதையும் அக்கணக்கே காட்டியது.

நகரம் ஏன் கொதிக்கிறது?

மரம் வேரால் உறிஞ்சிய நீரை இலைவழியே ஆவியாக்குகிறது. நீர் ஆவியாவதற்கு வெப்பம் வேண்டும். அவ்வெப்பம் சுற்றியுள்ள காற்றிலிருந்து கழிகிறது. மரத்தடி குளிர்வதற்கு நிழலோடு இதுவும் காரணம். மரத்தை வெட்டித் தார்ச்சாலை இட்டால் இவ்வேலை நின்றுபோகும். கல்லும் தாரும் பகலெல்லாம் வெயிலை உண்டு, இரவில் மெல்ல உமிழும். ஆகவே தோட்டப்புறம் குளிர்ந்த பின்னும் நகரம் குளிர்வதில்லை. இலண்டன் மாநகரம் தன்னைச் சூழ்ந்த நாட்டுப்புறத்தைவிட வெம்மையாயிருப்பதை லூக் ஹோவர்ட் என்பார் 1818 முதல் வெளியிட்ட நூலில் விளக்கினார். கோலாலம்பூரைப் பற்றிய இத்தகைய ஆராய்ச்சியை 1970களில் பேராசிரியர் ஷாம் சானி மேற்கொண்டார்.

குளிர்சாதனத்தின் கணக்கு

வெம்மைக்கு மருந்தாகக் குளிர்சாதனத்தை நாடுகின்றனர். அது குளிரை உண்டாக்குவதில்லை. அறையின் வெப்பத்தை எடுத்து வெளியே கொட்டுகிறது. ஒரு பங்கு மின்சாரத்தால் அறையிலிருந்து மூன்று பங்கு வெப்பத்தை அகற்றுவதாகக் கொள்வோம். செலவிட்ட மின்சாரமும் முடிவில் வெப்பமாகவே மாறுவதால், தெருவில் நான்கு பங்கு வெப்பம் சேரும். தெரு வெம்மையானால் சாதனம் மேலும் உழைக்கவேண்டும்; மேலும் மின்சாரம் வேண்டும். இவ்வாறு மருந்தே நோயை வளர்க்கிறது. இதில் அறத்தின் கேள்வியும் உண்டு. ஒருவர் அறையைவிட்டுத் துரத்திய வெப்பம், குளிர்சாதனம் வாங்க இயலாத அடுக்குமாடி ஏழையின் சன்னலில் நுழைகிறது.

மின்சாரமோ வானத்திலிருந்து வருவதன்று. 1920களில் பிரிக்பீல்ட்ஸை அடுத்த பங்சாரில் எழுந்த மின்நிலையத்துக்குப் பத்து ஆராங் நிலக்கரி வந்தது. பங்சாரின் புகை நகரத்தார் கண்ணுக்குத் தெரிந்தது. பின்னர் மின்நிலையங்கள் கிள்ளான் பக்கம் நகர்ந்தன. 1980களில் காப்பாரில் பெருநிலையம் எழுந்தது. புகை கண்ணுக்கு மறைந்ததேயன்றிக் கரி எரிவது நிற்கவில்லை.

வழி யாது?

சிலப்பதிகாரத்தில் சாளரத்துக்குக் காலதர் என்றொரு பெயர் வழங்குகிறது. கால் என்பது காற்று. அதர் என்பது வழி. காற்று வரும் வழியே சாளரம். பழைய கடைவீடுகளின் நடுமுற்றம் வெங்காற்றை மேலே போக்கியது. முகப்பிலிருந்த அஞ்சடி, வெயிலும் மழையும் சுவரைத் தாக்காமல் தடுத்ததோடு, நடப்போர்க்கும் நிழல் தந்தது. இத்தகைய அறிவு இன்றும் பயன்படக்கூடியதே. புத்ராஜெயாவில் 2010இல் கட்டிமுடிந்த எரிசக்தி ஆணையத் தலைமையகத்தின் சுவர்கள் கீழே செல்லச்செல்ல உட்சாய்ந்துள்ளன. ஒவ்வொரு மாடியும் தன்கீழ் மாடிக்குக் குடையாகிறது.

போக்குவரத்தும் கருதத்தக்கது. ஒருவர் தனியே காரில் செல்கையில், அவரைச் சுமக்க ஒரு டன் இரும்பும் உடன் உருள்கிறது. இரயிலிலோ அச்சுமை பலருக்குப் பங்காகிறது. பிரிக்பீல்ட்ஸின் பழைய இரயில்வே நிலத்தில் 2001இல் திறக்கப்பட்ட கே.எல். சென்ட்ரல் நிலையம் அவ்வகையில் பெரும்பேறு. ஆயினும் நிலையத்துக்கு நடந்து செல்லும் வழியில் நிழல் இல்லையேல், மக்கள் மீண்டும் காரையே நாடுவர்.

2025 சனவரி முதல் நாள் நடைமுறைக்கு வந்த எரிசக்திச் சேமிப்புச் சட்டம், பெருமளவில் எரிசக்தியைச் செலவிடும் நிறுவனங்களைக் கணக்குக் காட்டச் சொல்கிறது. சட்டம் பெரியோரைக் கட்டும்; பழக்கத்தைப் பள்ளியே வளர்க்கவேண்டும். ஒரு வெப்பமானியை நண்பகலில் மரத்தடி நிழலிலும், கட்டட நிழலில் தார்த்தரையின் மேலும் மாறிமாறிப் பிடித்து, இரு அளவுகளையும் மாணவர் எழுதட்டும். காலதர் என்னும் சொல்லின் பொருள் அன்று அவர்களுக்கு நன்கு விளங்கும்.