பார்த்தாலே தெரிவது எப்படி?

நேயர்களே, அக்கரப்பத்தனைக்கு அப்பால் டயகம தோட்டத்திலே, காலைப் பனி விலகுமுன் மலைக்குச் செல்லும் பெண்ணொருத்தியை எண்ணிப் பாருங்கள். அவளுடைய விரல்கள் இரண்டு இலையும் ஒரு மொட்டுமாகிய கொழுந்தைக் கிள்ளுகின்றன. அருகிலுள்ள முற்றிய இலையை விட்டுவிடுகின்றன. எப்படிப் பிரித்தறிந்தாய் என்று வினவினால், "பார்த்தாலே தெரியுமே!" என்பாள்.

அவ்வாறு பார்த்தறியும் ஆற்றலை யந்திரத்துக்கு அளிக்க முயல்வதே கணினிப் பார்வை என்னும் துறை. செயற்கை நுண்ணறிவின் ஒரு கிளை அது. 1966ஆம் ஆண்டில் அமெரிக்காவின் மசாசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தார், இதன் கணிசமான பகுதியை ஒரு கோடைகாலத்திலே மாணவரைக் கொண்டு அமைத்துவிடலாமெனத் திட்டமிட்டனர். எண்ணியது நிறைவேறவில்லை. கணினிக்குக் கிட்டுவது இலையன்று. ஒளியின் அளவைக் குறிக்கும் எண்களே. மேகம் மறைத்தாலும் எண்கள் மாறும். காற்றில் இலை திரும்பினாலும் மாறும். மாறும் எண்களுக்குள்ளே மாறாத கொழுந்தைக் காண்பது எங்ஙனம்?

இத்தகைய வினாக்களுக்குத் தம் வாழ்நாளை அளித்தவருள் ஒருவர் பேராசிரியர் ராமா செல்லப்பா. 1975இல் சென்னைப் பல்கலைக்கழகத்திலும், 1977இல் பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்திலும் பொறியியற் பட்டங்கள் பெற்று, 1981இல் அமெரிக்காவின் பர்டூ பல்கலைக்கழகத்தில் கலாநிதியானார். படத்தின் ஒரு புள்ளி தன் அண்டைப் புள்ளிகளைச் சார்ந்திருக்கும் முறையைக் கணிதமாக வடித்தவை அவருடைய தொடக்க ஆய்வுகள். யந்திரம் முகங்களை இனங்காண்பது பற்றி 1995இலும் 2003இலும் பிறரோடு சேர்ந்து அவர் எழுதிய தொகுப்புரைகள் இத்துறையில் பெரிதும் பயிலப்பட்டன. மேரிலாந்துப் பல்கலைக்கழகத்தில் ஏறக்குறைய முப்பதாண்டுகள் பணியாற்றியபின், 2020இல் ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் பல்கலைக்கழகத்தை அடைந்தார்.

2012க்குப் பின்னர், ஏராளமான படங்களைக் காட்டி யந்திரத்தைப் பழக்கும் முறை மேலோங்கிற்று. எனினும், ஒவ்வொரு படத்திலும் "இது கொழுந்து, இது முற்றல்" என்று முதலிற் குறித்துக் கொடுக்க அறிந்த கண் ஒன்று வேண்டுமல்லவா? தவறாகக் குறித்தால் யந்திரமும் தவறாகவே கற்கும். ஆகவே, மலையில் நிற்கும் அப்பெண் வெறுங் கைத்தொழிலாளியல்லள். கற்பிக்கத்தக்க அறிவொன்றை உடையவள்.

தோட்டப் பாடசாலையிலே கணக்குப் பயிலும் பிள்ளை மாலையில் தாயிடம், "அம்மா, உனக்கு எப்படித் தெரிந்தது?" என்று கேட்கக்கூடும். பெற்றோரே, அதனை வீண் கேள்வியென்று அடக்கிவிடாதீர்கள். பேரறிஞர்கள் ஆயுள் முழுதும் ஆராய்ந்த கேள்வி அது.